முப்பத்தொன்றாம் குழாய்

"எத்தனை வருஷமா குடிக்கிறார்?"

அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி இதுதான். ஜெபசுதா அக்காவிடம் கேட்டார். அக்காவின் கணவர் நேசக்குமார் அண்ணன் பக்கத்தில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். வாயோரத்திலும் சட்டைப் பையிலும் இரத்தம். கண்கள் திறந்தேயிருந்தன. அந்தக் கேள்வி அவர் காதில் விழுந்ததை நான் பார்த்தேன்.

அக்காவுக்குப் புரியவில்லை. "யாரு டாக்டர்?" என்றார்.

"உங்க ஹஸ்பண்டும்மா. தினமும் குடிப்பாரா, வாரத்துக்கு ஒருக்காவா?"

"அவங்க எங்க சபையில மதுவிலக்குச் சங்கத்துக்குச் செக்ரட்டரி டாக்டர்."

மருத்துவர் நிமிர்ந்து அக்காவை ஒரு முறை பார்த்தார். பிறகு தாளில் எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அது போன ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை விடியும் முன் அண்ணன் போய்விட்டார். ஐம்பத்தொரு வயது. உணவுக்குழாயில் புடைத்திருந்த இரத்த நாளங்கள் வெடித்திருந்தன. கல்லீரல் முழுக்கத் தழும்பேறிச் சுருங்கியிருந்தது. வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாதவருக்கு இப்படி ஒரு சாவு. ஊரில் இப்போது வேறொரு கதை நடமாடுகிறது. அதனால்தான் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நான் உயிர்வேதியியல் படித்தவள். தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அண்ணனுக்குக் கீழே ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். உறவுமுறை ஒன்றுமில்லை. சேர்ந்த முதல் நாளே "சார்னு கூப்பிடாத, பெனிஷா. சார்னா எனக்கு ஸ்கூல் ஞாபகம் வருது" என்றார். அன்றிலிருந்து அண்ணன்தான்.

அவருடைய அப்பா தேவதாசன் ஒரு மிஷன் பள்ளியில் வாத்தியார். சாத்தான்குளத்துக்கும் நாசரேத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். அப்பாவும் மதுவிலக்குச் சங்கத்துக்காரர்தான். சங்கத்தில் பதினாறு வயதில் உறுதிமொழி எடுப்பார்கள். உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்ற உறுப்பினர்கள் நீல நாடா குத்திக்கொண்டு சவப்பெட்டிக்கு முன்னால் நடப்பார்கள். அண்ணனுக்கு இருபத்தொரு வயதாக இருக்கும்போது அப்பாவுக்கு வயிறு ஊதியது. கால் வீங்கியது. கண் மஞ்சளாகியது. நாலு மாதத்தில் இறந்துபோனார். வாத்தியார் ஒவ்வொரு சனிக்கிழமையும் டவுனுக்குப் போனது எதற்கு என்று ஊர் அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்ததாம். அடக்கத்தன்று சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். முன்னால் நடக்கவில்லை. கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் வந்தார்கள்.

இதை அண்ணன் என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். சொல்லி முடித்ததும், "சரி, அந்த யூரின் சாம்பிளை எடு" என்றுவிட்டார்.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்லவேண்டும். இரத்தம் எடுக்க வருகிறவரிடம் பெயரை இரண்டு தடவை கேட்பார். ஊசி குத்தும் முன் அவர் கண்ணெதிரிலேயே குழாயில் எண் எழுதுவார். "வாசிங்க" என்று நீட்டுவார். வாசிக்கத் தெரியாதவர் என்றால் குழாயை அவர் கையில் கொடுத்து, "இத விடாதீக, இது ஒங்க சொத்து" என்பார். ஒரு நேரத்தில் மேஜையில் ஒரே குழாய். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு குழாய் மாறியதில்லை. நர்ஸ் இசக்கிசெல்வி இதை வைத்து அவரை ஓட்டுவாள். "நேசக்குமார் சாரு கல்யாணத்தன்னைக்கு பொண்ணு பேர ரெண்டு தடவ கேட்டுட்டுத்தான் தாலி கட்டுனாராம்லா."

"மூணு தடவ," என்பார் அண்ணன். "மொத ரெண்டு தடவ அவ வெக்கத்துல சொல்லல."

குழந்தைகளுக்கு இரத்தம் எடுத்தால் ஒரு முந்திரி மக்ரூன் இனிப்பு கொடுப்பார். டப்பாவில் உடைந்து கிடப்பதெல்லாம் அவருக்கு. ஒல்லியான மனிதர். சட்டைக்குள் ஒரு சின்ன வயிறு மட்டும் தனியாகத் தெரியும்.

2021இல் எங்கள் கல்லீரல் மருத்துவர் சிவபாலன் ஓர் ஆய்வு தொடங்கினார். கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பது ஸ்கேனில் தெரிந்துவிடும். பத்துப் பேரை ஸ்கேன் செய்தால் மூன்று பேருக்கு இருக்கிறது. அதில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. சிலருக்கு மட்டும் உள்ளே புண்ணாகி, தழும்பாகி, கல்லீரல் கல்லாகிவிடுகிறது. அந்தச் சிலர் யார் என்று உறுதியாகச் சொல்ல, விலாவில் ஊசியை இறக்கிக் கல்லீரலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கவேண்டும். அதற்கு யார் சம்மதிப்பார்கள்? அதனால் இரத்தத்திலேயே அடையாளம் தேடினோம். கல்லீரல் செல் ஒன்று சாகும்போது அதன் உள்கூடு உடைந்து ஒரு புரதத் துணுக்கு இரத்தத்தில் கலக்கிறது. அதை அளந்தால் உள்ளே எவ்வளவு சேதம் நடக்கிறது என்று வெளியிலிருந்தே மதிப்பிடலாம். அந்த அளவு எங்கள் பகுதி மக்களிடம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

மூன்று கூட்டம் வேண்டும், ஒவ்வொன்றிலும் நாற்பது பேர். குடிப்பவர்கள் நாற்பது. குடிக்காமலே கல்லீரலில் கொழுப்பு உள்ளவர்கள் நாற்பது. ஒப்பிட்டுப் பார்க்க, நோயே இல்லாதவர்கள் நாற்பது; இவர்களைக் கன்ட்ரோல் என்போம். எல்லோரும் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருக்கவேண்டும்.

குடிப்பவர்களைத் தேடித் துறைமுகப் பக்கமும் கடற்கரைத் தெருக்களுக்கும் நாங்களே ஐஸ்பெட்டியோடு போனோம். அங்கே கிடைத்தவர்தான் ரோச். முன்பு சங்கு குளித்தவர். காதில் கோளாறு வந்த பிறகு வலை சரிசெய்கிறார். விடிகாலை ஐந்தரைக்குக் கட்டுமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நேத்து சாயந்தரத்துல இருந்து ஒண்ணும் சாப்பிடலியே?" என்று அண்ணன் கேட்டார்.

"சாப்பிடல."

"குடிக்கவும் இல்லியே?"

"அது எப்படி வே? நீரு சாப்பாட்டத்தான சொன்னீரு."

அடுத்த நாளும் போனோம். அதற்கடுத்த நாளும். நான்காம் நாள்தான் ரோச் வெறும் வயிற்றோடு கிடைத்தார். கையை நீட்டிக்கொண்டே, "இந்தப் பாழாப்போன கேள்வியெல்லாம் எங்கிட்ட கேக்கியரே, நீரு குடிப்பீரா?" என்றார்.

"ஜென்மத்துல கிடையாது."

"அப்ப ஒம்ம ஈரலு கோயில் விளக்கு மாதிரி இருக்குமே."

அண்ணன் சிரித்தார். 

நோயில்லாத நாற்பது பேரைப் பிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நன்றாக இருக்கிற மனிதன் எதற்குப் பட்டினியோடு ஆஸ்பத்திரிக்கு வரப்போகிறான்? அண்ணன்தான் வழி சொன்னார். மில்லர்புரத்தில் அவர்கள் ஆலயத்தில் வெள்ளிக்கிழமை தோறும் உபவாச ஜெபம் நடக்கும். வருகிற அத்தனை பேரும் முந்திய இரவிலிருந்து வெறும் வயிறு. சபைப் போதகரான ஐயரிடம் அனுமதி வாங்கி ஞாயிறு பள்ளி அறையில் மேஜை போட்டுவிட்டால் மூன்று வெள்ளிக்கிழமையில் நாற்பது பேர்.

"இவங்களுக்கும் ஒரு ஸ்கேன் பாத்திருவமா?" என்று டாக்டர் கேட்டார். "நல்ல ஈரல்தான்னு தெரியணும்லா."

"சார், எங்க உபவாசக் கூட்டத்துல குடிக்கவன் ஒருத்தன் கிடையாது. பொறவு ஈரல் கெட எங்கன வழி இருக்கு?"

டாக்டர் யோசித்தார். அவரும் இந்தப் பனங்காட்டு மண்ணில் பிறந்தவர்தான். "அதுஞ் சரிதான்" என்றுவிட்டார். நானும் தலையாட்டினேன். குடிக்காமலே கல்லீரல் கெட்டவர்கள் நாற்பது பேரை அதே ஆய்வுக்காகத் தேடிக்கொண்டிருந்த மூன்று பேர், ஜெபக்கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு அது வராது என்று ஒரே நிமிடத்தில் முடிவு செய்தோம். அன்றைக்கு ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஒரு பெரியவர் ஊசியைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அண்ணன் அவரைப் பிடித்து உட்காரவைத்து, "இங்கன பாருங்க அண்ணாச்சி, வலிக்கா இல்லியான்னு எம் மூஞ்சியப் பாருங்க" என்று தன் கையிலேயே பட்டியைப் பல்லால் இழுத்துக் கட்டி, ஒரு கையால் தனக்குத்தானே எடுத்துக்கொண்டார். அறையே சிரித்தது. பெரியவரும் கையை நீட்டினார். எடுத்த இரத்தத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று அதையும் பெட்டியில் வைத்தோம். நான் அப்போது ஐஸ்பெட்டிப் பக்கம் இருந்தேன். என்ன எண் போட்டார் என்று பார்க்கவில்லை. எண்ணுக்கு எதிரே பெயர் எழுதிய பட்டியல் அவருடைய அலமாரியில் இருந்தது. சாவியும் அவரிடம்தான்.

ஆகஸ்டில் சோதனை. தொண்ணூற்றாறு சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் ஒவ்வொருவர் இரத்தச் சாற்றையும் இரண்டிரண்டு குழியில் ஊற்றவேண்டும். கடைசியில் அமிலம் விட்டதும் மஞ்சள் நிறம் வரும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு சேதம். நோயற்றவர்களின் வரிசைகள் தண்ணீர் கூடிப்போன எலுமிச்சைச் சாறு மாதிரி வெளுத்திருந்தன. நடுவில் இரண்டு குழி மட்டும் அரைத்த மஞ்சள் நிறத்தில்.

"அண்ணே, இங்கன வாங்க. இது கன்ட்ரோல் வரிசைதான?"

வந்து குனிந்து பார்த்தார். "எத்தனாவது?"

"முப்பத்தொண்ணு."

தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். அங்கேயே நின்றார்.  நான் அடுத்த தட்டுக்கு எண் எழுதி முடித்துவிட்டேன்.

"நீ ஊத்துறப்ப கைமாறி ஊத்திருப்ப ஏளா," என்றார்.

"ரெண்டு குழியிலயும் ஒண்ணு போல இருக்கே அண்ணே. ரெண்டு தடவயுமா கை மாறும்?"

கருவியில் வைத்துப் பார்த்தோம். மற்றவர்களுக்கு நூற்றைம்பதைச் சுற்றி இருந்த அளவு, முப்பத்தொன்றுக்கு எண்ணூற்றுக்கு மேல். பிறகு மற்றத் தட்டுகளை ஓட்டியபோது நோயாளிகள் கூட்டத்தில்கூட அவ்வளவு யாருக்கும் வரவில்லை. ரோச்சுக்கு அதில் பாதி.

அன்று மத்தியானம் டாக்டரிடம் அண்ணனே போய்ச் சொன்னார். நானும் பின்னால் நின்றேன். "சார், முப்பத்தொண்ணுல குழாய் மாறிப்போச்சு. கடற்கரையில எடுத்த ஒண்ணு இதுல கலந்திருக்கு. என் தப்புதான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "நீங்களா? குழாய மாத்துனீங்களா?"

"மனுசன்தான சார்."

"பத்தொன்பது வருஷமா உங்கள மெசின்னு சொல்லிட்டிருந்தேன் நேசக்குமார்."

அண்ணன் சிரிக்கவில்லை. பதிவேட்டில் தன் கையாலேயே எழுதினார்: *சி-31. குழாய் மாறியது. நீக்கப்பட்டது.* கீழே கையெழுத்து. அந்த இடத்துக்குப் புதிதாக ஒருவரிடம் இரத்தம் எடுத்தார். இசக்கிசெல்வி ஒரு வாரம் ஓட்டினாள். "சாரே, இனிமே நீங்க பேரு கேட்டா நாங்க மூணு தடவ சொல்லுதோம்." அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். அவள் வாய்க்கு வந்ததைச் சொல்ல, நானும் சேர்ந்து சிரித்தேன்.

உபவாசக் கூட்டத்தில் இன்னும் நாலு பேருக்கு அளவு கொஞ்சம் கூடியிருந்தது. ஏதாவது தெரிந்தால் சொல்லுவோம் என்று வாக்குக் கொடுத்திருந்ததால் அண்ணனே வீடு வீடாகப் போனார். ஓய்வுபெற்ற ஜீவமணி டீச்சர் வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார். விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நேசக்குமாரு, நான் என்ன குடிகாரியா?"

"இல்ல டீச்சர். குடிக்காதவங்களுக்கும் வரும். சீனி, அரிசிச் சோறு, ஒக்காந்தே இருக்கது, பெத்தவங்க வழியா வாரது, எத்தனையோ இருக்கு. ஒல்லியா இருக்கவங்களுக்கும் வரும். இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. சீக்கிரம் பாத்துட்டா சரியாக்கிரலாம்."

"யாருக்கும் தெரியக்கூடாது."

"தெரியாது டீச்சர்."

"எங்க வீட்டுக்காரருக்கும்."

"சரி டீச்சர்."

ஜீவமணி டீச்சர் ஸ்கேன் எடுத்தார், டாக்டரைப் பார்த்தார், இப்போது நன்றாக இருக்கிறார். ரோச்சையும் அண்ணன் விடவில்லை. வாரம் ஒருமுறை கடற்கரைக்குப் போய் சண்டை போட்டார். இரண்டு வருஷத்தில் ரோச் குடியை நிறுத்திவிட்டார். யாரிடமாவது அதைச் சொல்லும்போது, "அந்தாளு தொல்ல தாங்க முடியாம விட்டேன்" என்பார்.

அந்த ஆகஸ்டுக்குப் பிறகு அண்ணனும் மாறினார். மக்ரூன் டப்பாவில் உடைந்ததெல்லாம் எங்களுக்கு வந்தது. டீயில் சீனி நின்றது. தினமும் காலையில் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் நடந்தார். வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் குடிப்பதாக அக்கா சொன்னார். கேட்டால், "வயசாகுதுல்லா" என்பார். முகம் ஒடுங்கிவிட்டது. நாங்கள் அதைக் கட்டுப்பாடு என்று நினைத்தோம்.

இப்படி மூன்று வருஷத்துக்கு மேல் போனது. பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி. குழாய்களுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தவர் எழுந்து சிங்க்கைப் பிடித்தார். வாந்தி. நான் பார்த்தபோது சிங்க் முழுக்கச் சிவப்பு. 

"டியூப் மேல தெறிக்காம தள்ளி வை," என்றார். இரண்டாவது தடவை எடுத்தது. அது முடிந்ததும், "சுதாட்ட அல்சர்னு சொல்லு" என்றார். நான் என்னத்தைச் சொல்ல? ஸ்ட்ரெச்சர் வந்தது, இசக்கிசெல்வி அழுதுகொண்டே தள்ளினாள், அக்கா ஆட்டோவில் வந்தார், அந்த மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். மூன்று நாளில் மூன்று மருத்துவர்கள் மூன்று தடவை அதையே கேட்டார்கள். அது அவர்கள் கேட்கவேண்டிய கேள்விதான். கேட்கும் ஒவ்வொரு தடவையும் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

அடக்கத்துக்குச் சங்கத்துக்காரர்கள் நீல நாடாவோடு வந்தார்கள். வாசலில் வேப்ப மரத்தடியில் கூடி நின்று ஏதோ பேசினார்கள். நாலைந்து நிமிடம் இருக்கும். பிறகு வந்து பெட்டிக்கு முன்னால் நின்றார்கள். அந்த நாலைந்து நிமிடமும் அக்கா ஜன்னல் வழியாக அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் எனக்குப் பின்னால் இரண்டு பேர் பேசினார்கள். "உள்ளுக்குள்ள என்னமோ இருந்திருக்கு. இல்லாட்டி டாக்டர்மாரு சும்மாவா கேப்பானுவ?"

"அப்பனுக்கும் இதேதான. ரத்தத்துல ஊறுனது."

பக்கத்தில் ரோச் நின்றார். வெள்ளைச் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டது மாதிரி இருந்தது. "ஓய்," என்றார் மெதுவாக. "நான் முப்பது வருசம் குடிச்சவன். இந்த ஊர்ல எந்தக் கடையில எந்த மூலையில எவன் ஒளிஞ்சு குடிப்பான்னு எனக்குத் தெரியும். ஒம்மையும் எனக்குத் தெரியும். அவர நான் ஒரு நாளும் பாத்ததில்ல. வாய மூடும்."

அவர்கள் மூடினார்கள். ஆனால் ரோச் எத்தனை இடத்தில் நின்று எத்தனை வாயை மூட முடியும்?

பத்து நாள் கழித்து டாக்டர் என்னை அழைத்து அலமாரிச் சாவியைக் கொடுத்தார். ஆய்வை முடித்து அனுப்பவேண்டும், பட்டியலைச் சரிபார் என்றார். நான் எண்ணுக்கு எதிரே இருந்த பெயர்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். முப்பத்தொன்றுக்கு எதிரே, அவருடைய மணி மணியான கையெழுத்தில்: *நேசக்குமார், வயது 48.*

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. சரி, இவர் எண் இதுதானா என்று அடுத்த வரிக்குக்கூடப் போய்விட்டேன். பிறகு திரும்ப வந்தேன்.

கருவியின் பயன்பாட்டுப் பதிவை எடுத்துப் பார்த்தேன். குழாய் மாறியது என்று எழுதிய அதே வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூடத்தில் யாருமில்லாத நேரத்தில் ஒருவர் மட்டும் கருவியை ஓட்டியிருக்கிறார். ஒரே ஆளின் இரத்தம். நான்கு குழி. நான்கிலும் எண்ணூற்றுக்கு மேல். கையெழுத்து அவருடையது.

அவர் குழாயை மாற்றவில்லை. ஒருநாளும் மாற்றியதில்லை. வாழ்நாளெல்லாம் பெருமைப்பட்ட ஒரே விஷயத்தில் தான் தவறிவிட்டதாகத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த எண்ணுக்குரியவர் யார் என்று டாக்டர் கேட்டுவிடக்கூடாது என்பதற்காக.  ரெண்டு தடவயுமா கை மாறும் என்று கேட்டவள் நான்தான். அதற்குமேல் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

டாக்டரிடம் காட்டினேன். பட்டியலையும் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஜீவமணி டீச்சருக்கு மருந்து எழுதினேன்," என்றார் கடைசியில். "இவரு பக்கத்துல நின்னு எனக்கு விளக்கம் சொன்னாரு."

அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியாது. மில்லர்புரம் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். எழுந்து போய் அண்ணனுடைய வேதாகமத்தின் தோல் உறையை எடுத்துவந்தார். உள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இது என்னன்னு பாரு. போன வாரம் கெடைச்சுது. எனக்கு ஒண்ணும் வெளங்கல. எங்க மாமனாரு செத்து முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. அவருக்கு எப்படி நாப்பத்தெட்டு வயசு?"

நாகர்கோவிலில் ஒரு ஸ்கேன் சென்டரின் அறிக்கை. 2021 செப்டம்பர் தேதி. கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கிற ஸ்கேன். இறுக்கம் முற்றிய நிலை என்று போட்டிருந்தது. பெயர்: தேவதாசன். வயது: 48.

நான் வாய்விட்டு வாசித்தேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்தார். எல்லோரிடமும் பெயரை இரண்டு தடவை கேட்டுக் குழாயில் எழுதுகிறவர், அறுபது எழுபது மைல் பஸ்ஸில் போய், கவுன்ட்டரில் இருந்த யாரோ ஒரு பெண்ணிடம் செத்துப்போன அப்பாவின் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா," என்றார் அக்கா. "நான் என்ன சொல்லிருக்கப்போறேன். எங்கிட்டயாவது சொல்லிருக்கலாம்."

 தெரு முனையில் ஒரு லாரி பின்வாங்கிக்கொண்டே இருந்தது. அது நின்ற பிறகு அக்கா கேட்டார்.

"பெத்தவங்க வழியா வாரதுன்னு சொல்லுதாங்களே. அப்ப எம் பிள்ளைக்கு?"

மகன் பெவினுக்கு இருபத்துநாலு. துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை. அப்பா மாதிரியே ஒல்லி. மறுநாள் வெறும் வயிற்றோடு கூட்டிவரச் சொன்னேன். அவன் வரமாட்டேன் என்று அக்காவிடம் கத்தியது எனக்குப் போனிலேயே கேட்டது.

"ஏற்கெனவே ஆபீஸ்ல கேக்கானுவம்மா. ஒங்கப்பா எந்த பிராண்டுலன்னு. இப்ப நானும் போயி ஈரலுக்கு ரத்தம் குடுத்தா என்ன சொல்லுவானுவ?"

"அதுக்குப் பயந்துதாம்ல ஒங்கப்பா செத்தாரு," என்றார் அக்கா. "சட்டைய மாட்டு."

வந்தான். பெயரை இரண்டு தடவை கேட்டேன். எண் எழுதி, வாசிக்கச் சொன்னேன். வாசித்துவிட்டுக் கையை நீட்டினான்.

பெவினுக்கு அளவு கூடியிருந்தது. ஸ்கேனில் கொழுப்பு தெரிந்தது. தழும்பு இல்லை. டாக்டர் அவனிடம் ஒரு மணி நேரம் பேசினார். "இந்த நெலமையில பிடிச்சா திரும்பும் தம்பி. முழுசா திரும்பும். ஒங்கப்பாவையும் நாங்க கொஞ்சம்..." மருந்துச் சீட்டை இழுத்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா என்னையும் உபவாசக் கூட்டத்துக்கு வரச் சொன்னார். பாட்டு முடிந்து, வாசிப்பு முடிந்து, கூட்டத்தை நடத்தும் போதகரின் மனைவி ஐயர் அம்மா, விண்ணப்பம் இருக்கிறவர்கள் சொல்லலாம் என்றார்கள். ஒருவர் மகளின் பிரசவத்துக்குக் கேட்டார். ஒருவர் வெளிநாட்டு விசாவுக்குக் கேட்டார். அக்கா எழுந்தார். பெவின் அவர் பக்கத்தில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"எம் பையனுக்கு ஈரல்ல கொழுப்பு. ஆரம்பத்துலயே பாத்தாச்சு. சரியாகணும்னு ஜெபிங்க," என்றார். "அவன் குடிக்கல. அவங்கப்பாவும் குடிக்கல. அவங்க தாத்தாவும் குடிச்சிருக்க மாட்டாங்க. இவங்கப்பாவுக்கு இது இருந்தது இங்க எடுத்த ரத்தத்துலயே தெரிஞ்சிருக்கு. நாலு வருசம் ஆகப்போகுது. நீங்க குடிகாரன்னு சொல்லிருவீங்கன்னு மறச்சுட்டாங்க."

 யாரும் தலை நிமிரவில்லை. சங்கத்துப் பெரியவர் ஒருவர் முழங்காலில் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

ஐயர் அம்மா கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினார்கள். "ஆண்டவரே, எங்கள் பிள்ளை பெவினுடைய சரீர பலவீனத்துக்காக..."

"அம்மா," என்றார் அக்கா. இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். "ஈரல்னு சொல்லி ஜெபிங்க."

ஐயர் அம்மா கண்ணைத் திறந்தார்கள். எதிரில் நின்ற அக்காவைப் பார்த்தார்கள்.  பிறகு திரும்பக் கண்ணை மூடிக்கொண்டு, அந்த வார்த்தையைச் சொன்னார்கள்.